மின்முனை யார் கையில்?

புகையில்லை, ஓசையில்லை, பெட்ரோல் இல்லை என்று மின்காருக்குப் புகழ்மாலை தொடுக்கிறார்கள். நாளேட்டின் முதற்பக்கம் முழுவதையும் விலைக்கு வாங்கி, அதிலே பச்சை வண்ணத்தைப் பூசி, மலைச்சாரலில் அந்தக் காரை நிறுத்திப் படம் போடுகிறார்கள். படத்திலே மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, சிரித்த முகத்தோடு ஒரு குடும்பமும் இருக்கிறது. ஒன்று மட்டும் இருப்பதில்லை. அந்தக் காருக்கு மின்சாரம் எந்தச் சுவரிலிருந்து, எவருடைய இசைவோடு, எவருடைய கணக்கில் வருகிறது என்பது மட்டும் படத்தில் காணப்படுவதில்லை!

அதைக் காண நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தரமணிக்குப் போனால் போதும். பறக்கும் இரயில் நிலையத்தில் இறங்கி நாற்புறமும் நோக்கினால், மின்வண்டியைப் பற்றி இந்த நாட்டிலே யார் யார் சிந்திக்கிறார்களோ அவர்களுள் பலர் அண்மையிலேயே இருக்கிறார்கள். கானகம் சாலையில் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா; பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் மின்கலத்தைப் பற்றியும் மின்னேற்றத்தைப் பற்றியும் ஆய்ந்துவந்த இடம். ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் இருவர் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏதர் நிறுவனம் அந்தக் கல்விக்கூடத்தின் அரவணைப்பில்தான் தவழ்ந்தது. இன்று அதன் வண்டிகள் ஓசூரிலே உருவாகின்றன. சற்றுத் தள்ளினால் சி.எஸ்.ஐ.ஆர். வளாகம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சென்னைப் பிரிவு அங்கே இருக்கிறது. லித்தியம் மின்கலத்தை நம்மவர் அறிவைக் கொண்டே செய்து காட்டும் மாதிரிக்கூடம் சென்னையில் எழுந்தது அந்த ஆய்வகத்தின் முயற்சியால்தான். 2018 ஜூன் திங்களில் அந்தத் தொழில்நுட்பத்தை ராசி என்னும் நிறுவனத்துக்கு வழங்க உடன்பாடு கையெழுத்தாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை என்றும் அறிவித்தார்கள்.

அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வளாகங்களின் மதிற்சுவரைத் தாண்டி, கானகத்தின் தெருக்களிலும் கல்லுக்குட்டையின் சந்துகளிலும் நடந்து பாருங்கள். மூன்று மாடி, நான்கு மாடி. மாடிக்கு இரண்டு குடித்தனம். கீழே நான்கு இருசக்கர வண்டிகளை நிறுத்தினாலே நிரம்பிவிடுகின்ற இடம். மின்வண்டியை ஆராயும் கூடத்திலே காவல் காப்பவரும், தூய்மை செய்பவரும், உணவு கொண்டுவந்து கொடுப்பவரும், கணிப்பொறியின் முன் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் இளம் பொறியாளரும் இந்தக் குடித்தனங்களில்தான் வாடகைக்கு வாழ்கிறார்கள். இவர்களில் ஒருவர் மின்வண்டி ஒன்றை வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு அதை எங்கே கொண்டுபோய்ச் செருகுவார்? மூன்றாவது மாடியின் சாளரத்திலிருந்து கம்பி இறக்குவதா? இறக்குகிறார்கள்! கொடியில் துணி தொங்குவதுபோல் கம்பி தொங்குகிறது. காற்றடித்தால் ஆடுகிறது, மழை பெய்தால் நனைகிறது. இதுதானா நாகரிகத்தின் அடுத்த படி?

இந்தச் சென்னைக்கு மின்வண்டி புதுமையன்று. 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது இந்தப் பட்டினத்தில்தான். பல்லாண்டுக்காலம் துறைமுகத் தொழிலாளியும் எழுத்தரும் மாணவரும் அதிலேதான் சென்று வந்தார்கள். அந்த டிராமுக்கு எந்தப் பயணியும் தன் வீட்டிலிருந்து மின்சாரம் கொண்டுவரவில்லை. கம்பி பொதுக்கம்பி, வண்டி எல்லோருக்கும் பொது. அந்த டிராம் 1953 ஏப்ரல் 12-ஆம் நாளோடு நின்றது. கம்பெனி நொடித்தது, வண்டி நின்றது, தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். அதே 1953-இல், அதற்கு மூன்றே திங்களுக்கு முன்னர், பொங்கற் காலத்தில், காரைக்குடியிலே மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார் டாக்டர் இராதாகிருஷ்ணன். வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் ஈந்து எழுப்பிய கூடம் அது. ஆண்டின் தொடக்கத்தில் மின்கல ஆராய்ச்சிக்கு விளக்கேற்றப்படுகிறது. சித்திரை பிறக்கும் முன் தலைநகரின் மின்வண்டிக்கு விளக்கணைக்கப்படுகிறது! ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லைதான். என்றாலும், ஆராய்ச்சி ஒரு பக்கமும் மக்களின் பயணம் மறுபக்கமுமாகப் பிரிந்து நடக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

"ஏழை எளியோரைப் பற்றி எழுதவேண்டிய ஏட்டிலே காருக்கு என்ன வேலை? கார் வாங்குகிறவன் கவலையை அவனே பார்த்துக்கொள்ளட்டுமே!" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கேட்பதிலே பொருளில்லாமலில்லை. ஆனால் மின்முனை என்பது காருக்கு மட்டும் உரியதன்று. உணவுப் பொட்டலம் சுமந்து நாள்தோறும் நூறு கிலோமீட்டர் சுற்றும் இளைஞனின் ஸ்கூட்டருக்கும் அதுவே வேண்டும். ஆட்டோ ஓட்டுநருக்கும், வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கும் அதுவே வேண்டும். ஒன்றிய அரசு மானியத்தில் ஃபேம் இரண்டாம் கட்டம் என்று 2019-இல் தொடங்கி 2024 மார்ச் வரை நடந்த திட்டத்தில், சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு மானியம் கிடையாது. வாடகைக்கு ஓடும் காருக்குத்தான் உண்டு. ஆக, காரை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டால், அந்தக் காரின் சக்கரத்தில் தன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பவனையும் சேர்த்தே ஒதுக்கியவர்கள் ஆவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிறு மின்கார் ஒன்றின் மின்கலம் ஏறத்தாழ முப்பது யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் வரை நகருக்குள் ஓடும். வீட்டிலே குளிர்சாதனப் பொறிக்கும் வெந்நீர்க் கலத்துக்கும் வைத்திருக்கிறோமே, அந்தப் பதினைந்து ஆம்பியர் முனையில் செருகினால், மணிக்கு மூன்று யூனிட் அளவில் ஏறும். இரவு ஒன்பதுக்குச் செருகினால் காலை ஏழு மணிக்கு நிரம்பியிருக்கும். அவ்வளவுதான்! பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மாவு அரைத்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் பொங்கியிருப்பதுபோல், கார் காலையில் அணியமாய் நிற்கும். விரைவாக ஏறவேண்டுமென்றால் ஏழு கிலோவாட் சுவர்ப்பெட்டி. நான்கைந்து மணி நேரம் போதும். அதனினும் விரைவு வேண்டுவோர்க்கு நெடுஞ்சாலைகளில் நேர்மின் நிலையங்கள். முப்பது, அறுபது கிலோவாட் என்று பாய்ச்சுவார்கள்.

அங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. எண்பது விழுக்காடு வரை விரைந்து ஏறும் மின்சாரம், அதற்குப் பின் ஆமை வேகம் கொள்ளும். ஏன்? நம் மாநகரப் பேருந்தை எண்ணிப் பாருங்கள். வெறும் வண்டியில் ஏறுகிறவர்கள் விரைந்து ஏறி இருக்கையைப் பிடிக்கிறார்கள். இருக்கைகள் நிரம்பியபின் ஏறுகிறவர் இண்டு இடுக்குப் பார்த்து, இடித்துப் பிடித்து, மெல்ல மெல்லத்தான் உள்ளே போகமுடியும். மின்கலத்துள் லித்தியத் துகள்கள் குடிபுகுவதும் இப்படித்தான். நெருக்கித் தள்ளினால் வண்டி பழுதாகும். ஆகையால்தான் நாள்தோறும் விரைவு நிலையத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருவது மின்கலத்துக்கு நல்லதன்று. வீட்டிலே இரவில் மெதுவாக ஏற்றுவதே அதற்கு ஏற்றது என்கிறார்கள் வல்லுநர்கள். வெயில் தணிந்த இரவு என்றால் இன்னும் நல்லது. கத்திரி வெயிலில் காய்ந்த சாலையில் ஓடி வந்த சூட்டோடு உடனே பாய்ச்சுவது, ஓடிவந்தவனை மூச்சு வாங்கவிடாமல் உணவருந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்கவேண்டிய அநீதி ஒளிந்திருக்கிறது. மின்கலத்துக்கு நல்லது எதுவோ, பணப்பைக்கும் நல்லது எதுவோ, அது சொந்த வீடும் அதிலே கார் நிறுத்த இடமும் உடையவனுக்கே கிடைக்கிறது. அவன் வாரியத்தின் விலையில் வீட்டு மின்சாரத்தை வாங்குகிறான். வாடகை வீட்டுக்காரனோ பொது நிலையத்துக்குப் போகிறான்; வாரியத்தின் விலைக்கு மேல் நிலையக்காரரின் ஊதியத்தையும் வரியையும் சேர்த்துக் கொடுக்கிறான்; காத்திருக்கும் நேரத்தையும் இழக்கிறான்; விரைவு மின்னேற்றத்தால் மின்கலத்தின் ஆயுளையும் சற்றே தேய்த்துக்கொள்கிறான். உள்ளவனுக்கு மலிவாகவும் இல்லாதவனுக்கு விலை கூடுதலாகவும் ஒரு பொருள் விற்கப்படுகிறதென்றால், அந்தப் பொருளை முன்னேற்றத்தின் சின்னம் என்று எப்படிக் கொண்டாடுவது?

"வாடகைக்காரனும் வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளட்டுமே, யார் தடுத்தார்?" என்பார்கள். தடுப்பவர் யாரென்று சென்னையில் குடியிருந்தவர் அறிவர். வாரியத்தின் அட்டையில் ஒரு விலை, வீட்டுக்காரரின் நாவில் இன்னொரு விலை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததே சட்டம். அவரிடம் போய், "ஐயா, கீழே ஒரு மின்முனை வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டால், "வண்டி தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறார். அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் மின்னேற்றம் செய்த ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி மாண்டதை யார் மறப்பார்? அந்த ஆண்டின் தீ நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே மின்கலப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் அச்சத்துக்கு மருந்து மறுப்பு அன்று. ஒழுங்கான எர்த், மின்கசிவு ஏற்பட்ட நொடியில் துண்டிக்கும் கருவி, தரமான கம்பி, மழை படாத இடம், வழியை அடைக்காத இடம் ஆகியவையே மருந்து. பழைய வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பெயரளவில் இருக்கிறது. கம்பி உண்டு, அது நிலத்தைத் தொடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மின்காரோடு வரும் மின்னேற்றி அதைக் கண்டுபிடித்துவிடுகிறது! எர்த் சரியில்லையென்றால் ஏற்ற மறுத்துச் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. மனிதர் கண்டுகொள்ளாத குறையைப் பொறி கண்டுகொள்கிறது.

சட்டத்தில் வழி இல்லையா? உண்டு. 2024 பிப்ரவரியில் ஒன்றிய மின்துறை திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், மின்வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்கலாம் என்கின்றன. பெருநகரில் புதிய இணைப்பை மூன்று நாளில் கொடுக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. ஏட்டிலே சர்க்கரை! ஆனால் இணைப்புக் கேட்டு எழுதப் போகிறவர் முதலில் தேடவேண்டியது வீட்டுக்காரரின் இசைவுக் கடிதத்தையன்றோ? அடுக்ககமாயின் சங்கத்தின் தீர்மானத்தை. சங்கத்திலோ, வண்டி வாங்காதவர்கள் பெரும்பான்மை. "மின்மாற்றி தாங்காது" என்கிறார் ஒருவர்; "பொதுவிடத்தில் பெட்டி மாட்டக்கூடாது" என்கிறார் மற்றொருவர்; ஆண்டு முடிந்துவிடுகிறது.

பிரான்சு நாட்டில் இதற்கொரு சட்டம் செய்திருக்கிறார்கள். 'மின்முனை உரிமை' என்பதே அதன் பெயர். அடுக்ககத்தில் குடியிருப்பவர், உரிமையாளராயினும் வாடகைதாரராயினும், தம் செலவில் தம் நிறுத்துமிடத்தில் மின்முனை வைக்கக் கோரலாம். மறுக்க எண்ணுகிறவர்தாம் தக்க காரணத்தோடு நீதிமன்றத்தின் படியேறவேண்டும். சுமை எவர் தோளில் என்பதைக் கவனியுங்கள்! நம் நாட்டில் கேட்பவன் அலைகிறான். அங்கே மறுப்பவன் அலைகிறான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யக் கோடி கோடியாய்ப் பணம் வேண்டா, வெளிநாட்டுக் கடன் வேண்டா, வல்லுநர் குழு வேண்டா. நிறுத்த இடமே இல்லாதவன் கதி என்ன என்றால், அதற்கும் இலண்டன் மாநகரில் விடை கண்டிருக்கிறார்கள்: தெருவிளக்குக் கம்பத்திலேயே மின்முனை! விளக்கெரியப் போன மின்சாரம், கீழே நிற்கும் காருக்கும் போகிறது. நம் தெருக்களில் விளக்குக் கம்பம் இல்லையா? இருக்கிறது, கட்சிக் கொடியும் கோயில் விழாத் தோரணமும் கட்டுவதற்கு மட்டும்தான் அதுவா?

தரமணி அறிஞர்கள் இந்தச் சிக்கலைக் காணாமலில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜுன்ஜுன்வாலா போன்றார் நெடுங்காலமாகச் சொல்லிவருவது, நம் நாட்டுக்கு ஏற்றது சிறிய வண்டி, சிறிய மின்கலம், மலிவான மின்முனை என்பதே. 2021-இல் ஒன்றிய அரசின் அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் நிதி ஆயோக்கும் முன்னின்று, மூன்று கிலோவாட் அளவில், கைப்பேசியால் இயக்கத்தக்க எளிய மின்முனைக்கு இந்தியத் தரம் வகுக்க முனைந்தபோது, அதன் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மளிகைக்கடை வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் அது இருக்கவேண்டும் என்பது கனவு. 2018 ஏப்ரலில் ஒன்றிய மின்துறை அளித்த விளக்கத்தின்படி, மின்னேற்றம் என்பது மின்சார விற்பனையன்று, சேவை. ஆகவே உரிமம் தேவையில்லை. பெட்டிக்கடைக்காரரும் மின்முனை வைத்து நாலு காசு பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடந்தது என்ன? தொழிலுக்குள் நுழைந்தவர் பெரும்பாலும் பெட்டிக்கடைக்காரர் அல்லர், பெருமுதல் கொண்டவர். அவர்கள் வணிக வளாகத்தின் அடித்தளத்திலும் நட்சத்திர விடுதியின் முற்றத்திலும் நிலையம் அமைக்கிறார்கள். கார் வருமிடத்துக்குப் போகிறார்கள். அது வணிகத்தின் இயல்பு. வணிகரை நொந்து பயனில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பணப்பை, முன்கூட்டியே அதில் பணம் போடவேண்டும். பெட்ரோல் பங்கில் நோட்டை நீட்டினால் போதும். மின்சாரத்துக்கோ நான்கு கம்பெனிகளில் உறுப்பினராகவேண்டும்! போய்ச் சேர்ந்தால், பொறி பழுது என்று ஓர் அட்டை தொங்கும் நாட்களும் உண்டு.

மூன்று கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறி கட்டம் போட்டது. வரைபடத்தில் கட்டம் போடுவது எளிது. தரமணியையும் வேளச்சேரியையும் பெருங்குடியையும் சேர்த்து மூன்று கிலோமீட்டர் சதுரத்தில் எத்தனை ஆயிரம் குடும்பம் வாழ்கிறது என்று கட்டம் போட்டவர் எண்ணிப் பார்த்தாரா? டில்லியில் உட்கார்ந்து வரைந்த கட்டம் கானகம் சந்துக்குள் நுழையாது. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. கம்பம் நடுவது, கட்டணம் வாங்குவது, மின்மாற்றி வெடித்தால் மக்களிடம் வசவு வாங்குவது மாநிலத்தின் வாரியம். ஆகையால் தெருவுக்குத் தெரு எவ்வளவு மின்முனை என்பதை வகுக்கும் உரிமையும் கடமையும் மாநிலத்துக்கே இருக்கவேண்டும். அதற்கான பணத்தில் ஒன்றியம் தன் பங்கைத் தரவேண்டும். 2024-இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்னேற்று நிலையங்களுக்கென்றே இரண்டாயிரம் கோடி ஒதுக்கியிருக்கிறார்களே, அதில் தெருவோரக் குடித்தனக்காரனின் பங்கு எவ்வளவு என்று கேட்பது தவறாகுமா?

பொது மின்சாரத்தின் வரலாறு நமக்குப் பெருமையானது. 1947-இல் சென்னை மின்வழங்கு கம்பெனியை அரசே ஏற்றது. 1957 ஜூலையில் மின்வாரியம் பிறந்தது. தனியார் கம்பெனிகளின் கையிலேயே விட்டிருந்தால், வருவாய் உள்ள மவுண்ட் ரோடுக்கு விளக்கு வந்திருக்கும். வருவாய் இல்லாத பட்டிக்காட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வந்திருக்காது. ஊர் ஊராய்க் கம்பம் நட்டு, சேரிக்கும் காட்டுக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோனது பொதுத்துறை. கம்பெனி கணக்குப் பார்த்தால் அது நட்டம். நாட்டுக் கணக்கில் அது நெல். அன்று வயலுக்குச் செய்ததை இன்று தெருவுக்குச் செய்வதென்ன இயலாத காரியமா? டில்லி அரசு தன் மின்வண்டிக் கொள்கையின்படி முதல் முப்பதாயிரம் தனியார் மின்முனைகளுக்குத் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்து, விண்ணப்பத்துக்கு ஒரே சாளரமும் வைத்தது. மின்கார் செய்வதில் முன்னிற்கும் மாநிலம் நம்முடையது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாயின் மின்கார், போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டி.வி.எஸ்., 2025 ஆகஸ்டு முதல் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் என்று தொழிற்சாலைகளின் அணிவகுப்பு. செய்வது நாம், செருகுவதற்கு இடம் தேடுவதும் நாமா?

இனிப் பராமரிப்புக்கு வருவோம். "மின்காருக்குச் செலவே இல்லை" என்பது விற்பனையாளரின் பல்லவி. பாதி மெய். எஞ்சின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, புகைக்குழாய் இல்லை. வேகத்தைத் தணிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தருவதால், பிரேக் தேய்வதும் குறைவு. நின்று நின்று ஊர்ந்து செல்லும் பழைய மகாபலிபுரச் சாலையின் நெரிசல் பெட்ரோல் காருக்குப் பகை. மின்காருக்கு அவ்வளவு பகையன்று. மறுபாதியும் உண்டு. மின்கலத்தின் பளுவாலும், மிதித்தவுடன் பாயும் விசையாலும் டயர் விரைந்து தேய்கிறது. குளிர்விக்கும் நீர்மத்தையும் பிரேக் திரவத்தையும் காலத்தில் மாற்றவேண்டும். பெரிய மின்கலம் நலமாயிருந்தாலும், கதவுப்பூட்டையும் விளக்கையும் இயக்கும் பன்னிரண்டு வோல்ட் சிறு பேட்டரி செத்துவிட்டால் கார் அசையாது. யானைக்கு அங்குசம்போல அந்தச் சிறு பேட்டரி! பெரிய மின்கலத்துக்கு எட்டாண்டு அல்லது ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் என்பது பொதுவாகத் தரும் உறுதி. உறுதிக்காலம் கழிந்தபின் கலம் கெட்டால், காரின் விலையில் பெரும்பங்கை மீண்டும் கொடுக்கவேண்டியிருக்கும். ஆகவேதான் பழைய மின்காரை வாங்க அஞ்சுகிறார்கள். விற்க வருபவனோ விலை கேட்டு நொந்துபோகிறான்.

மழைக்காலத்தையும் மறக்கலாகாது. 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த வட்டாரம் பட்ட பாட்டை நாடறியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் இருபுறமும் கார்களை வரிசையாய்க் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தப் படத்தைப் பாராதவர் இல்லை. மின்கலப் பெட்டி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் வகையில் அடைக்கப்பட்டிருக்கிறது என்பது தயாரிப்பாளர் பலரும் காட்டும் தரக்குறி. நம் வெள்ளம் அரைமணியில் வடிவதா? பள்ளிக்கரணைச் சதுப்பை மண்ணிட்டு மூடிய பாவத்துக்கு, நாட்கணக்கில் அல்லவா நிற்கிறது! நீரில் நின்ற மின்காரைத் தாமே இயக்கிப் பார்க்கவும் கூடாது, செருகிப் பார்க்கவும் கூடாது. பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கவேண்டும். தாழ்ந்த தளத்தில் மாட்டிய மின்முனைகளையும் மழைக்கு முன் துண்டித்துவிடவேண்டும். தெருவோர மின்முனை வைப்பவர்கள் பழைய வெள்ளக்கோட்டைச் சுவரில் பார்த்துவிட்டு, அதற்கு மேலே வைப்பது நலம். இதைச் சொல்லவும் ஒரு குழு அமைக்கவேண்டுமா என்ன?

பயிற்சி பெற்றவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. சென்னையின் மோட்டார்கள் கம்பெனிக் கொட்டகைகளால் மட்டும் ஓடவில்லை. புதுப்பேட்டையின் கடைகளாலும், தெருமுனைப் புளியமர நிழலில் ஸ்பானர் பிடித்த கைகளாலும் ஓடின. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய சிறுவன் ஒருவன் எண்ணெய்க் கந்தலோடு நுழைந்து, காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் ஆசானாக வளர்ந்தான். அவனுக்குச் சான்றிதழ் இல்லை. ஊர் அவன் திறமைக்குச் சான்று சொன்னது. மின்கார் அவன் வாசலில் வந்து நின்றால் அவன் என்ன செய்வான்? முந்நூறு, நானூறு வோல்ட் நேர்மின்சாரம். தவறான இடத்தில் தொட்டால் உயிர் போகும். செம்மஞ்சள் வண்ணக் கம்பியைத் தொடாதே என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறான். பழுதைச் சொல்லும் கணிப்பொறிக் குறி கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. உதிரிப்பாகம் கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது. மின்கலத்தில் நூற்றுக்கணக்கான அறைகள் இருக்க, ஓர் அறை நலிந்தாலும் முழுப்பெட்டியையும் மாற்று என்று சொல்லும் அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறது. மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கவில்லை, பூட்டையே மாற்றிவிட்டார்கள்!

பழுதுபார்க்கும் உரிமை என்று 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்து, ஆண்டிறுதியில் இணையதளமும் திறந்தது. தளத்தில் கம்பெனிகள் தாமாக விரும்பி எதைப் போடுகின்றனவோ அதைத்தான் காணலாம். விரும்பாததை வெளியிடச் செய்வதற்குச் சட்டத்தின் பல் வேண்டும். தமிழ்நாட்டில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுபத்தொன்றை டாட்டா டெக்னாலஜீசுடன் சேர்ந்து புதுப்பித்தார்கள். மின்வண்டிப் பழுதுபார்ப்பும் அங்கே பாடமாயிற்று. வரவேற்கிறோம். ஆனால் அது பதினேழு வயதுப் பையனுக்கான வகுப்பு. நாற்பத்தைந்து வயதில், நாட்கூலியை விட்டுவிட்டு ஓராண்டு வகுப்பில் போய் உட்கார நம் மெக்கானிக்கால் ஆகுமா? தரமணியிலேயே மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. பணிமனையும் ஆசிரியரும் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பணிமனை பூட்டிக்கிடக்கத் தேவையென்ன? பாதுகாப்பாய் மின்சாரத்தைத் துண்டிப்பது எப்படி, காப்புக் கையுறை எது, அறைகளை அளப்பது எப்படி, சிறு பேட்டரியை மாற்றுவது எப்படி, வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கையாள்வது எப்படி என்று மூன்று திங்கள் மாலை வகுப்பு, தமிழில், உதவித்தொகையோடு, முடிவில் அரசுச் சான்றிதழோடு நடத்தலாம். எஞ்சின் ஒலியைக் காதால் படித்தவன் மின்மானியைக் கண்ணால் படிக்க எத்தனை நாள் ஆகும்?

மின்கலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். உலகின் மின்கல அறைகளில் பெரும்பகுதி சீனத்தில் செய்யப்படுகிறது. 2021-இல் ஒன்றிய அரசு பதினெண்ணாயிரத்து நூறு கோடி ஊக்கத்தொகையை இதற்கென அறிவித்தது. என்றாலும் நம் கார்களில் இருப்பவை இன்னும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கே. 2025 ஏப்ரலில் சீனம் அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டவுடன் இங்கே தொழிற்சாலைகள் தவித்தன. அந்த அருமண் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் கிடக்கிறது! அள்ளலாமே என்று அவசரப்படுவோர்க்கு ஒரு சொல்: அந்தக் கரையில் மீனவர் வாழ்கிறார்கள், கதிர்வீச்சைப் பற்றிய அவர்கள் கேள்விக்கு முதலில் விடை சொல்லவேண்டும். ஊரைத் தோண்டிக் காந்தம் எடுத்து, அதில் ஓடும் காரைப் 'பசுமை' என்று அழைப்பதில் உண்மையிராது.

கார் எத்தனை மின்சாரமயமானாலும், ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒன்றரை டன் இரும்பு பழைய மகாபலிபுரச் சாலையில் நிற்பது நிற்பதுதான். புகை குறையும், நெரிசல் குறையாது. ஆகையால், 2025 ஜூன் 30-ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து புறப்பட்ட நூற்றிருபது தாழ்தள மின்பேருந்துகளையும், அவற்றைத் தொடர்ந்து பெரும்பாக்கத்திலிருந்து புறப்பட்டவற்றையும் நாம் கார்களினும் பெரிதாய் மதிக்கிறோம். எழுபத்திரண்டு ஆண்டுகட்குப் பிறகு சென்னைச் சாலையில் மீண்டும் பொதுமக்களின் மின்வண்டி! ஆனால் அந்தப் பேருந்துகள் போக்குவரத்துக் கழகத்தின் சொத்தல்ல. தனியார் நிறுவனம் ஓட்டி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகத்திடம் வாங்கிக்கொள்கிறது. கழகத்தின் தொழிலாளி மின்பேருந்தைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா? ஒப்பந்த ஆண்டுகள் முடிந்த அன்று, பணிமனையும் மின்முனையும் கழகத்தின் கையில் இருக்க, வண்டியைத் தொடத் தெரிந்த ஒரு கையாவது கழகத்தில் இருக்குமா?

சட்டமன்றத்தில் மின்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் மானியக் கோரிக்கை வரும் நாளில் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். வாடகைதாரருக்கு மின்முனை மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று விதி செய்ய எவ்வளவு காலம் ஆகும்? தரமணி, கானகம், வேளச்சேரித் தெருக்களில் எத்தனை விளக்குக் கம்பங்களில் வாரியமே மின்முனை பொருத்தும், அதற்கு வீட்டுக் கட்டணமா வணிகக் கட்டணமா? மத்திய பாலிடெக்னிக் பணிமனையின் மாலை வகுப்புக்கு முதல் ஐம்பது மெக்கானிக்குகளின் பெயர்ப் பட்டியல் என்று அணியமாகும்?